பெயருக்கு முன் நிற்கும் எழுத்து

பிள்ளைக்குப் பெயரிடுதல் முன்னாளில் இத்துணைச் சிக்கலான காரியமாக இருந்ததில்லை. தந்தைவழிப் பாட்டனாரின் பெயர் மூத்த பேரனுக்கு. தாய்வழிப் பாட்டனாரின் பெயர் அடுத்தவனுக்கு. பெண்களுக்கு இருபுறத்துப் பாட்டிமாரின் பெயர்கள். அதற்கு மேலும் பிள்ளைகள் பிறந்தால் ஊர்க்கோயிலில் எழுந்தருளியிருக்கும் தெய்வத்தின் திருநாமம் இருக்கவே இருந்தது. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉவன்றோ? பாட்டனின் பெயரைத் தாங்குகின்றவன் என்பது பொருள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, பிள்ளையைத் தொட்டிலிலிட்டு, காதிலே பெயரைச் சொல்லிவிட்டாற் காரியம் முடிந்தது.

இன்று அப்படியன்று. பிள்ளை பிறக்குமுன்னரே பெயர்ப் பட்டியல் பிறந்துவிடுகின்றது. சோதிடர் நட்சத்திரத்தின் பாதத்தைக் கணித்து இன்ன எழுத்தில் தொடங்குக என்கின்றார். எண் சாத்திரக்காரர் ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் பார்த்து, நடுவிலே ஒரு எழுத்தை இரட்டிக்கச் சொல்கின்றார். கனடாவிலிருந்து மாமியார் ஒருவரும் பாரிசிலிருந்து சித்தப்பா ஒருவரும் தொலைபேசியில் ஆளுக்கொரு பெயரை அறிவிக்கின்றனர். தாயானவள் தான் பள்ளிநாளிலேயே மனத்தில் எழுதிவைத்த பெயரை விடமாட்டேன் என்கின்றாள். இத்தனை பேரின் சம்மதமும் கிடைத்து ஒரு பெயர் நிச்சயமான பின்னர், ஒருவரும் எண்ணிப் பாராத ஒன்று எஞ்சி நிற்கின்றது. அப்பெயருக்கு முன்னே ஓர் எழுத்து வந்து நிற்கப்போகின்றது. பிள்ளை தன் வாழ்நாள் முழுவதும் பெயரை அந்த எழுத்தோடு சேர்த்தே எழுதப்போகின்றது.

அந்த எழுத்துக்கு நம் நாட்டுப் பத்திரங்களிலே 'முதலெழுத்து' என்று பெயர். 'முதலெழுத்துக்களுடன் பெயர்' என்று ஒரு கூடு அச்சிட்டிருப்பார்கள். இலக்கணம் படித்தவர்க்கு இச்சொல் சிறிது நெருடும். நன்னூலார் முதலெழுத்தென்று சொல்வது உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆகிய முப்பதையும் அல்லவா? ஆகவே நாம் இங்கே தலைப்பெழுத்து என்றே வழங்குவோம். வீட்டிலே எல்லாரும் 'இனிசல்' என்பது நமக்குத் தெரியாததன்று.

பள்ளிக்கூடத்திலே இடாப்புக் கூப்பிடும் தொழில் செய்வோருக்கு இந்த எழுத்தின் விளையாட்டு நன்கு தெரியும். பேரம்பலம் என்பவர் நல்ல மனிதர். தம் மகனுக்கு ராசையா என்று பெயரிட்டார். இரண்டும் குற்றமில்லாத பெயர்கள். ஆனால் இடாப்பிலே 'பே. ராசையா' என்று எழுதி, ஆசிரியர் சற்று விரைந்து வாசித்துவிட்டால் 'பேராசையா' என்றே காதில் விழும். மறுநாள் தொடக்கம் அந்தப் பையனின் சோற்றுப் பெட்டியைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். ஆறுமுகத்தின் மகள் மைதிலி, 'ஆ. மைதிலி' ஆகிறாள். அவள் ஓட்டப் போட்டியிலே முதலாவதாக வந்தாலும் ஆமையென்ற பட்டத்திலிருந்து தப்பமாட்டாள். குணரத்தினத்தின் மகன் ரங்கநாதனுடைய கதியை நாம் எழுதவும் வேண்டுமோ? வாசகர்களே எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. தமிழ் மரபின்படி ரகரமும் லகரமும் டகரமும் சொல்லுக்கு முதலில் வாரா. இராசையா, இலட்சுமி என்று ஓர் உயிரை முன்னே வைத்தே எழுதுதல் வேண்டும். அவ்வாறு 'பே. இராசையா' என்று எழுதியிருந்தால் பேராசை எங்கே? 'கு. அரங்கநாதன்' என்றெழுதினால் எந்தக் கிளையிலும் தாவ வேண்டியதில்லை. இலக்கணம் எதற்கு உதவும் என்று வகுப்பிலே கேட்கும் பிள்ளைகளுக்கு நாம் இதனை உதாரணமாகக் காட்டுவதுண்டு.

எழுத்துச் சேர்க்கை எப்போதும் பரிகாசமாகத்தான் முடியுமென்பதில்லை. சுந்தரம் என்பவர் மகளுக்கு மதி என்று சிறு பெயரிட்டால் 'சு. மதி' தானே சுமதியாகிவிடும். கோபாலபிள்ளையின் மகளாயின் கோமதி. வல்லிபுரத்தின் மகள் சந்திரா 'வ. சந்திரா' ஆகும்போது வசந்தத்தின் வாசனை சற்றே வீசுகின்றது. ஏகாம்பரத்தின் மகன் மாறன், 'ஏ. மாறன்', வாழ்க்கையிலே எவரிடமும் ஏமாறமாட்டான் என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தாயிற்று. இப்படிக் கிடைக்கும் இன்பத்துக்காகப் பெயரைத் தேடிப்போக வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பெயரைத் தீர்மானிக்குமுன் ஒரு கடதாசித் துண்டில் தலைப்பெழுத்தோடு எழுதி, வாய்விட்டு விரைவாக நாலுமுறை வாசித்துப் பார்க்க ஒரு நிமிடந்தானும் செல்லாது. அந்த ஒரு நிமிடம் பிள்ளைக்குப் பதின்மூன்று வருடப் பள்ளி வாழ்க்கையிலே பெரிய நிம்மதியைத் தரும். பெரியவர்களாகிய நமக்கு அது சிறு நகைப்பு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது அப்படியன்று. பட்டப்பெயருக்கு அஞ்சிப் பள்ளிக்கு வர மறுத்த பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம்.

மேல்நாட்டாருக்கு இந்தத் தொல்லை வேறு வகையிலே வரும். அவர்களுடைய தலைப்பெழுத்துக்கள் பெரும்பாலும் அவரவர் சொந்தப் பெயர்களின் முதலெழுத்துக்கள். கடைசியிலே குடும்பப் பெயர். பெட்டியிலும் கைக்குட்டையிலும் மூன்றெழுத்தைச் சேர்த்துப் பொறிக்கும் வழக்கமுள்ளவர்கள், அந்த மூன்றும் சேர்ந்து 'ஏ. எஸ். எஸ்.' என்று கழுதையாகிவிடாமற் பார்த்துக்கொள்கின்றனர். நம்மவருக்குள்ளும் இரண்டு எழுத்து வைத்துக்கொள்வோர் இருக்கின்றனர். 'எம். ஏ.' என்ற இரண்டும் பெயருக்கு முன்னே நிற்குமட்டும் பாட்டனும் தந்தையும். பின்னே போய்விட்டாற் பட்டம். தபாற்காரருக்கும் கலியாணத் தரகருக்கும் இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்த ஒரு நண்பர் நமக்குண்டு.

இனி, சிரிப்புக்கு அப்பாலுள்ள விடயத்துக்கு வருவோம். தலைப்பெழுத்தின் வேலை ஒருவரை இன்னொருவரிலிருந்து பிரித்துக் காட்டுதல். அது அந்த வேலையைச் செய்கின்றதா என்பதே கேள்வி. ஈழத்துத் தமிழறிஞருள் கணபதிப்பிள்ளை என்ற பெயருடையார் இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். ஒருவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை, 1899இற் பிறந்தவர். மற்றவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, 1903இற் பிறந்தவர். இருவரும் தமிழே தொழிலாகக் கொண்டவர்கள், இருவரும் எழுதியவர்கள். நூலகத்திலே புத்தகத்தை எடுக்கும் மாணவன் இவரா அவரா என்று தெளிவது 'சி', 'க' என்னும் இரண்டெழுத்துக்களின் தயவினால். தலைப்பெழுத்துத் தன் கடமையைச் செவ்வனே செய்ததற்கு இதைக்காட்டிலும் நல்ல சான்று வேண்டுமா?

ஆனால் அவ்விரண்டும் தமிழெழுத்துக்கள் என்பதைக் கவனிக்க. சின்னத்தம்பி, செல்லையா, சுப்பையா, சோமசுந்தரம், சண்முகம், சபாரத்தினம் ஆகிய ஆறு தந்தையரின் பிள்ளைகளுக்குத் தமிழிலே சி, செ, சு, சோ, ச, ச என்று ஐந்து வெவ்வேறு எழுத்துக்கள் கிடைக்கின்றன. ஆங்கிலத்திலோ ஆறு பேருக்கும் ஒரே எஸ். நம் ஊர்களில் எஸ் என்ற எழுத்தைத் தாங்குவோரை ஒரு வரிசையில் நிறுத்தினால் அவ்வரிசை சந்தி தாண்டிப் போகும். அதற்கடுத்தது கே, பின்னர் ரி, வி, பி. இந்த ஐந்துக்குள்ளே பெரும்பாலார் அடங்கிவிடுவர். சிவத்தில் தொடங்கும் பெயர்களை நாம் விரும்பி வைப்பதனால், எஸ். சிவகுமார், எஸ். சிவரூபன், எஸ். சிவாஜினி என்று எழுத்தும் பெயரும் ஒன்றாகிவிடுவதும் உண்டு.

நமக்குத் தெரிந்த ஒரு கிராமத்திலே எஸ். யோகராசா என்று இரண்டு இளைஞர் இருந்தனர். ஒருவன் செல்லையாவின் மகன், மற்றவன் சுப்பையாவின் மகன், அடுத்தடுத்த ஒழுங்கைகள். இருவரில் ஒருவனுக்கு வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் முகவரியிட்டிருந்த அக்கடிதம் மற்றவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பையன் கொழும்புக்குப் போயிருந்தபடியால், மகனுக்கு வந்த கடிதம் மகன் வந்து பிரிக்கட்டும் என்று தாய் அதைச் சுவாமிப் படத்தின் பின்னே பத்திரமாகச் செருகி வைத்தாள். அவன் திரும்பி வந்து பிரித்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து நாலு நாட்கள். இதில் யாரைக் குறை சொல்வது? தபாற்காரர் முகவரியிலே எழுதியிருந்ததைத்தான் வாசித்தார். தாய் செய்ததும் நியாயமே. செ. யோகராசா, சு. யோகராசா என்று தமிழில் இருந்திருந்தால் ஒரு வீட்டின் நிலைமை வேறாகியிருக்கும். தமிழ்நாட்டிலே 2021 டிசம்பரில் அரசு, பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னிற்கும் எழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. அதைச் சிலர் வெறும் மொழிப்பற்றென்று எண்ணினர். நாம் அதைக் கணக்குப் பார்த்து ஆதரிக்கின்றோம். ஆங்கிலத்தில் எழுத்து 26. நம்முடைய நெடுங்கணக்கு அதிலும் பன்மடங்கு பெரியது. பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு சிறிய பெட்டிக்குள் எல்லாவற்றையும் திணிப்பானேன்?

நம்முடைய எழுத்தாளர் சிலர் இரண்டு வழியையும் கலந்தனர். எஸ். பொன்னுத்துரை 'எஸ்.பொ.' ஆனார், முன்னது ஆங்கிலம், பின்னது தமிழ். அவருடைய எழுத்தைப் போலவே அவருடைய சுருக்கப் பெயரும் ஒருவித வரம்புக்குள்ளும் அடங்காமல் நின்றது. 'கா. சிவத்தம்பி' என்றெழுதும்போது கார்த்திகேசு என்ற தந்தையின் பெயர் முழு உயிர்மெய்யாக நிற்கின்றது. 'திரு. வி. க.' என்பதிலுள்ள திரு, மரியாதைச் சொல்லென்று நினைப்போர் இன்னும் பலர், அது திருவாரூர். ஊரும் விருத்தாசலம் என்னும் தந்தை பெயரும் கலியாணசுந்தரம் என்னும் சொந்தப் பெயரும் சுருங்கி அம்மூன்றெழுத்தாயின. நம் நாட்டுச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் 'சி' சிறுப்பிட்டி, 'வை' வைரவநாதர். ஏட்டுச் சுவடிகளிலிருந்து பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய அப்பெரியார் ஊரையும் தந்தையையும் தம் பெயருக்கு முன் என்றும் சுமந்துகொண்டு திரிந்தார். இவையெல்லாவற்றிலும் நமக்கு மிகவும் பிடித்தது 'பொன். இராமநாதன்', 'பொன். அருணாசலம்' என்னும் சகோதரர் பெயர்களே. பொன்னம்பலம் என்னும் தந்தையின் பெயரை 'பொ' என்று குறுக்காமல் 'பொன்' என்று நிறுத்தியது யாராயினும், அவருக்குத் தமிழ்க் காது இருந்தது. ஓர் எழுத்தில் நின்றால் வெறும் அடையாளம். ஓர் அசை கூடியதும் பொருள் பிறந்துவிட்டது.

தலைப்பெழுத்து நமக்குப் பழைமையான வழக்கமுமன்று. சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஊரும் தந்தையும் முழுமையாக முன்னே நிற்பர். தந்தையை ஓர் எழுத்தாக வெட்டி வைக்கும் பழக்கம் ஆங்கிலக் கல்வியோடும் அலுவலகத்தோடும் வந்தது. அக்காலத்திலே வேறொன்றும் நடந்தது. 1823இலே அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் படித்த பிள்ளைகளுக்கு, கடல் கடந்து அவர்கள் செலவை ஏற்றுக்கொண்ட கொடையாளரின் பெயர்களைச் சூட்டினார்கள். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். பெற்றோர் காதிலே ஓதிய பெயருக்கு முன்னே, தாம் ஒருநாளும் காணாத ஒருவரின் பெயர் வந்து நின்றது. அதே ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இலே 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதி நம் புலவர் பெயர்களைக் காத்துத் தந்தார் என்பதையும் மறத்தலாகாது.

பிறமொழியாரின் முறையும் நம்முடைய முறையும் ஒன்றோடொன்று மோதுவதை விளையாட்டு மைதானத்திலே காணலாம். சிங்கள மக்களிடையே பரம்பரைப் பெயரும் சொந்தப் பெயர்களும் சேர்ந்து தலைப்பெழுத்துக்கள் ஊர்வலமாக வரும். வேகப்பந்து வீச்சாளர் சமிந்த வாசுக்கு டபிள்யூ. பி. யூ. ஜே. சி. என்று ஐந்து, நேர்முக வருணனையாளர்கள் அவற்றை மூச்சுப் பிடித்துச் சொல்லி மகிழ்வார்கள். நம்முடைய முரளிதரனுக்கோ ஒன்றே ஒன்று, எம். அந்த எம் அவருடைய தந்தை முத்தையா. உலகம் அதனை அறியாமல், மேல்நாட்டு முறைப்படி முன்னிற்பதே சொந்தப் பெயர் என்று கருதி, மகனை முத்தையா என்று விளித்தது. 800 விக்கெட்டுக்களையும் வீழ்த்தியவர் மகன். மைதானந்தோறும் கூவி அழைக்கப்பட்டவர் தந்தை. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தும் இவ்வாறே தம் தந்தையார் பெயரால் பல நாடுகளிலும் விளிக்கப்பட்டவர். தந்தைமாருக்கு இதைவிடப் பெரிய புகழ் வேறில்லை என்று சொல்லி நாம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டிலே குடியேறிய நம் குடும்பங்களில் இது சிரிப்பாக முடிவதில்லை. கடவுச்சீட்டிலே குடும்பப் பெயர் என்று ஒரு கூடு உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஒருவர் அக்கூட்டில் தந்தை பெயரை எழுதுகின்றார். அவர் மனைவி தன் தந்தை பெயரை எழுதியிருப்பாள். அங்கே பிறந்த பிள்ளைக்கு இவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராகின்றது. ஒரே வீட்டுக் கதவிலே மூன்று குடும்பப் பெயர்கள். இவர்கள் ஒரே குடும்பத்தினரா என்று விமான நிலையத்திலே ஒருவர் நிதானமாகக் கேட்பார். ஆகவே வெளிநாட்டிற் பிள்ளைக்குப் பெயரிடுவோர், தந்தையின் பெயர் எந்தக் கூட்டிலே போகும், அது நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் தொடருமா என்பதை முதலிலேயே தீர்மானித்தல் நன்று. இங்கே ஒரு எழுத்துக்குள் ஒதுங்கி நிற்கும் தந்தை அங்கே முழுப் பெயராக வெளியே வந்துவிடுவார்.

சோதிடர் சொல்லும் எழுத்தையும் சற்றுப் பார்ப்போம். 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்துக்கள் உள்ளன. மக நட்சத்திரக்காரருக்குத் தொல்லையில்லை; ம, மி, மு, மெ என்று இனிய எழுத்துக்கள். ஆயிலியத்துக்கு வகுத்தவை டி, டு, டே, டோ. தமிழிலோ டகரம் சொல்லுக்கு முதலாகாது என்று மேலே கண்டோம். இவ்விடத்தில் இலக்கணமும் பஞ்சாங்கமும் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கின்றன. பஞ்சாங்கமே வெல்கின்றது, டிலக்சன், டினோஜன், டனுசியா என்று பொருள் தெரியாத பெயர்கள் ஊரெங்கும் நிறைந்துவிட்டன. நம் முன்னோர் இதற்கு நல்ல வழி கண்டிருந்தனர். நட்சத்திர எழுத்துக்குரிய நாமத்தைச் சாதக ஓலையில் எழுதிப் பூசைக்கும் சங்கற்பத்துக்கும் வைத்துக்கொண்டு, ஊரழைக்கப் பாட்டன் பெயரை இட்டார்கள். அந்த வழி இன்றும் அடைபட்டுப் போகவில்லை. எண் சாத்திரத்தைப் பற்றி நாம் அதிகம் சொல்லப்போவதில்லை. ஆனால் பெயரிலே ஓர் எழுத்தை இன்று கூட்டி, நாளைக்குக் குறைப்பவர்கள், சமாதான நீதவான் வீட்டு வாசலில் சத்தியக்கடதாசியோடு நிற்கும் நாளையும் எண்ணிக் கொள்ளட்டும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பரீட்சைச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்றிருந்து, மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று முப்பது வயதிலே சத்தியம் செய்பவர்களை நாம் கண்டு அலுத்துவிட்டோம்.

பெண்பிள்ளைகளின் தலைப்பெழுத்து இடையிலே மாறுவது. மணமானதும் தந்தையின் எழுத்துப் போய்க் கணவனின் எழுத்து வரும். அப்போது நாம் முன்னே சொன்ன சுமதியும் கோமதியும் வேறென்னவாகுமோ யாரறிவார்? அதனாலே பெண்ணுக்குப் பெயர் வைக்கும்போது எந்த எழுத்து முன்வந்தாலும் தனித்து நிற்கக்கூடிய பெயராக வைத்தல் பாதுகாப்பானது. இக்காலத்தில் தந்தையின் எழுத்தையே கடைசிவரை வைத்துக்கொள்ளும் பெண்கள் பெருகிவருகின்றனர். பட்டமும் தொழிலும் பெற்ற ஒருத்தி தன் சான்றிதழில் உள்ள எழுத்தை ஏன் மாற்ற வேண்டும்? மாமியார் முகம் சற்றுக் கோணலாம். அது நாளடைவில் நேராகிவிடும்.

தாயின் பெயருக்கு இந்த ஏற்பாட்டில் எங்கும் இடமில்லை என்பது நம்மைப் பலநாள் உறுத்திய விடயம். பத்து மாதம் சுமந்தவள் ஓர் எழுத்துக்கும் உரியவளாகாமல் நிற்கின்றாள். ஆனந்த குமாரசுவாமியின் பெயரிலே நடுவில் நிற்கும் 'கே' என்னும் எழுத்து, கென்டிஷ். அவருடைய ஆங்கிலத் தாயார் கென்ட் நாட்டவர் என்பதை அது நினைவூட்டுவது. 1877இற் பிறந்த பிள்ளைக்கே அப்படி ஒரு வழி கிடைத்திருந்தது. இன்று சில இளந்தம்பதியர் தாய் தந்தை இருவருடைய எழுத்தையும் முன்னே வைக்கின்றனர். எழுத்து இரண்டானாற் குழப்பமும் குறையும், எஸ். யோகராசாக்கள் இருவரும் அந்த முறையிலே எளிதாகப் பிரிந்திருப்பர். இதைப் புதுமை என்று வெறுப்பவர்கள், தந்தையின் எழுத்தும் ஒரு காலத்தில் புதுமையாகவே வந்தது என்பதை நினைவுகூர்வார்களாக.

இவ்வளவும் தந்தை வீட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. இடாப்பிலே ஒரு புதிய பிள்ளையைச் சேர்க்கும்போது 'அப்பாவின் பெயரென்ன?' என்று நாற்பது பிள்ளைகளின் முன்னிலையிற் கேட்பது ஆசிரியர் சிலருக்குப் பழக்கம். அக்கேள்விக்கு விடை இல்லாத பிள்ளைகள் உண்டு. தந்தை கைவிட்டுப்போன பிள்ளை, தந்தை பெயரே எழுதப்படாத பிள்ளை. இவர்கள் பெயருக்கு முன் தாயின் எழுத்தை வைத்தால் எந்த வானம் இடிந்துவிழும்? அந்தக் கேள்வியை நாம் பிள்ளையிடம் கேட்பதில்லை. பத்திரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுகின்றோம். பத்திரத்திலே தாயின் எழுத்திருந்தால் அதையே எழுதுகின்றோம்.

வேறு சிலருக்கு எழுத்து இருக்கின்றது, ஆள் இல்லை. 2009இலே போர் முடிந்த மாதங்களில் தந்தையைக் காணாமற்போக்கிய பிள்ளைகள் நம் வகுப்புக்களில் ஆண்டாண்டாகப் படித்துச் சென்றனர். அவர்களுள் ஒருத்தி உயர்தர வகுப்பில் இருந்தபோது உதவிப்பணத்துக்கான விண்ணப்பம் ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தது. அவளுடைய தாயும் வந்திருந்தார். தந்தையின் பெயர் என்ற கூட்டிலே, பெயருக்கு முன் 'அமரர்' என்று எழுதினாற் காரியம் விரைவில் முடியுமென்று வேறோர் இடத்தில் அவருக்கு எவரோ சொல்லியிருந்தார்கள். அந்த அம்மையார் பேனையை வாங்கிப் பெயரை மட்டும் எழுதினார். 'இவளின்ரை பேருக்கு முன்னாலை அவர் நிக்கிறார்தானே, சேர். அப்ப நான் என்னெண்டு அப்பிடி எழுதிறது?' என்று கேட்டார். நாம் மறுமொழி சொல்லாமல், கீழே மாணவியின் பெயரை முதலெழுத்துடன் எழுதவேண்டிய கூட்டைக் காட்டினோம். பிள்ளை தமிழில் எழுதினாள். தந்தையின் எழுத்தைச் சற்றுப் பெரிதாகவே எழுதிப் புள்ளி வைத்தாள். உதவிப்பணம் கிடைக்கச் சில மாதங்கள் கூடுதலாயின. கிடைத்தது.

பெயர் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்குச் சொல்லவேண்டிய சில்லறைக் காரியங்கள் இன்னும் இரண்டொன்று உண்டு. தலைப்பெழுத்து ஒற்றையாக நின்று இடர் செய்தால் பொன்னம்பலத்தார் வழியைப் பின்பற்றலாம். 'ஆ. மைதிலி'யை 'ஆறுமுகம் மைதிலி' என்று முழுமையாக எழுதினால் ஆமை ஓடிவிடும். பேரம்பலத்தையும் அவ்வாறே நிறுத்தலாம். மூத்த பிள்ளைக்கு எந்த முறையை மேற்கொண்டீர்களோ அதனையே இளைய பிள்ளைகளுக்கும் மேற்கொள்க. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒருவன் எஸ்ஸும் மற்றவன் 'சி'யும் ஒருத்தி 'சிவ'வுமாக நின்றால் காணி உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு வேலை கூடும். தமிழில் எப்படி எழுதுவது, ஆங்கிலத்தில் எப்படி எழுத்துக்கூட்டுவது என்ற இரண்டையும் பதிவாளரிடம் போகுமுன் வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்க. பதிவாளர் கந்தோரின் வாங்கிலே இருந்துகொண்டு கணேசனுக்கு 'ஜீ' வருமா 'கே' வருமா என்று மைத்துனரிடம் தொலைபேசியிற் கேட்பது தகாது. பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.